இமயச் சாரலில் ஒரு வசந்த மலர்

சித்திரை முடிந்து வைகாசி பிறக்கும் நாட்களில் நம் சமவெளிகள் கத்திரி வெயிலில் காய்கின்றன. ஏரிகள் வற்றி, மனிதரும் கால்நடையும் நிழல் தேடி ஒதுங்குகிற காலம் அது. அதே நாட்களில், இதே பாரத நாட்டின் வடகோடியில், கடல் மட்டத்திற்குமேல் 10,000 அடி உயரத்தில், மாதக்கணக்கில் உறைந்து கிடந்த பனி உருகத் தொடங்குகிறது. நமக்குக் கோடையின் உச்சி; இமயத்திற்கோ அதுவே வசந்தத்தின் தொடக்கம்.

பனி விலகிய ஈர மண்ணைப் பிளந்துகொண்டு அப்போது ஒரு சிறு செடி தலை நீட்டுகிறது. அதன் தோற்றமே விந்தையானது. மடக்கிய குடைகளைப்போல் இரண்டு இலைகள் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன. அவ்விலைகளின் மேல் செம்பழுப்புத் திட்டுக்கள் படர்ந்திருக்கும். அவை முற்றும் விரிவதற்கு முன்னரே, தண்டின் உச்சியில் ஒரே ஒரு மலர் வானை நோக்கி மலர்கிறது. வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ இதழ்கள் ஆறு. அவற்றின் நடுவே மகரந்தத் தாள்கள் ஆறு. சில நாட்களில் மலர் உதிர்ந்துவிடும். அதன் பின்னரே இலைக் குடைகள் நன்கு விரியும். கோடை முதிர்ந்ததும் அக்குடைகளின் அருகே, கோழி முட்டையினும் சற்றுச் சிறியதாய், செக்கச் சிவந்த கனியொன்று தொங்கும். மீண்டும் பனி விழும் காலம் நெருங்கியதும் செடியின் மேற்பகுதி முழுவதும் மடிந்து, உயிர் மண்ணுக்குள் ஒடுங்கிவிடும்.

நேயர்களே, இந்தச் சிறு செடியின் சரித்திரத்தையே இன்று கூற விழைகிறேன். ஒரு செடிக்கு மக்கள் இடும் பெயரைக் கொண்டே, அவர்கள் அதன் எந்த உறுப்பைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்பதை ஒருவாறு உணர்ந்துகொள்ளலாம். காஷ்மீர மக்கள் இதனை ‘வன்வாங்குன்’ என்கின்றனர். காட்டுக் கத்தரி என்பது பொருள். இமயத்தின் மற்றச் சரிவுகளில் ‘பன்ககடி’ என்ற பெயர் வழங்குகிறது. அதற்குக் காட்டு வெள்ளரி என்று பொருள். இரண்டும் கனியை வைத்து இட்ட பெயர்கள். மலைவாசிகள் கண்டது கனி. பிற்காலத்தில் ஐரோப்பியத் தாவர நூலார் கண்டது இலையும் பூவும். வணிகரும் ரசாயன நிபுணரும் கண்டதோ வேர். கனியிலிருந்து வேர் வரை மனிதனுடைய பார்வை இறங்கிச் சென்ற கதையே இச்செடியின் சரித்திரமாகும்.

அச்சரித்திரத்திற்குள் புகுமுன், செடி வாழும் இடத்தைச் சற்றுப் பார்ப்போம். ஏனெனில், இடத்தை விட்டுப் பிரித்தால் இச்செடியைப் புரிந்துகொள்ள இயலாது. ஆப்கானிஸ்தானத்திலிருந்து காஷ்மீரம், ஹிமாசலப் பிரதேசம், கட்வால், குமாவோன், நேபாளம், சிக்கிம் வழியாகச் சீனத்தின் மேற்குப் பகுதிவரை இது பரவியிருக்கிறது. பெரும்பாலும் 9,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலேயே இதனைக் காணலாம். கீழே ஊசியிலை மரங்களின் காடு. அதற்கு மேலே பூர்ஜ மரங்கள், பண்டை நாளில் காஷ்மீரப் பண்டிதர்கள் ஏடெழுதிய பட்டையைத் தந்தவை. இடையிடையே ரோடோடெண்ட்ரான் புதர்கள், நீலகிரியில் நாம் காட்டுப்பூவரசு என்றழைக்கும் மரத்தின் உறவினங்கள். எல்லாவற்றிற்கும் மேலே மரமற்ற புல்வெளி. காடு முடிந்து புல்வெளி தொடங்கும் விளிம்பிலும், மரநிழல் அரைகுறையாக விழும் சரிவுகளிலுமே பன்ககடி விரும்பி வாழ்கிறது.

அங்குள்ள மண் ஒரு நாளில் உண்டானதன்று. நூற்றாண்டுக்கணக்கில் உதிர்ந்த இலைகள் மட்கிக் கருமையும் மென்மையும் பெற்ற மண் அது. உருகும் பனி அதற்கு ஈரத்தைத் தருகிறது. குளிர்காலத்தில் அதே பனி கம்பளிபோல் மேலே படர்ந்து, மண்ணுக்குள் உறங்கும் தண்டைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது. மரங்கள் வெயிலை வடிகட்டுகின்றன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் செடி வாடும். ஓர் ஆண்டில் ஐந்து அல்லது ஆறு மாதங்களே அதற்குக் கிடைக்கும் வாழ்நாள். அந்தக் குறுகிய காலத்திற்குள் பூத்து, காய்த்து, அடுத்த ஆண்டிற்கான உணவையும் சேமித்துவைக்க வேண்டும். ஆதலால் இச்செடி மிக மெதுவாகவே வளர்கிறது. அதன் விதை முளைப்பதற்கே நெடுநாள் ஆகும். முளைத்த கன்று முதற்பூவைக் காணப் பல ஆண்டுகள் செல்லும். இந்தப் பொறுமையை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் வரும் துயரத்திற்கு இதுவே காரணம்.

இனி, கடல் கடந்து செல்வோம். ஏனெனில், இச்செடிக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அது வாழ்வது வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில். அங்கே அதற்கு ‘மே ஆப்பிள்’ என்று பெயர். மரங்கள் தழைக்குமுன், வசந்தத்தின் ஒளி காட்டுத்தரையை எட்டும் நாட்களில் அது கூட்டங்கூட்டமாக முளைத்துவிடுகிறது. இமயத்துச் செடியின் மலர் வானை நோக்குவது. அமெரிக்கச் செடியின் மலரோ இரண்டு இலைகளின் கவட்டில் தலை கவிழ்ந்து நிற்பது. அதன் கனியை ஒருவகை நில ஆமை தின்று, விதைகளை வேறிடங்களில் பரப்புகிறது. செரோக்கி முதலிய பழங்குடியினர் அதன் தரையடித் தண்டைப் பேதிக்கும் குடற்புழுக்களை நீக்குவதற்கும் பயன்படுத்தினர். முற்றப் பழுத்த கனியைத் தவிர மற்ற உறுப்புகளெல்லாம் நஞ்சு என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். ஆதலின் அளவறிந்தே கையாண்டனர்.

ஐரோப்பியர் முதலில் அறிந்தது இந்த அமெரிக்கச் செடியையே. பிளவுபட்ட அதன் இலை வாத்தின் பாதத்தை நினைவூட்டியதால், டூர்னஃபோர் என்னும் பிரெஞ்சு அறிஞர் ‘வாத்துப்பாத இலை’ என்று பொருள்படும் நீண்ட பெயரை அதற்குச் சூட்டினார். 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதில் வாத்தை விட்டுவிட்டுப் பாதத்தையும் இலையையும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘போடோஃபில்லம்’ என்று சுருக்கினார். அப்பெயரே நிலைத்தது.

நம் இமயத்துச் செடி தாவர நூலில் இடம்பெற்றது அதற்கு ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்குப் பின்னரே. சகாரன்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய தாவரப் பூங்காவின் மேற்பார்வையாளராக 1823 முதல் சில ஆண்டுகள் பணிபுரிந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராய்ல் என்பவர், இமயமலைத் தாவரங்களைப் பற்றிப் படங்களுடன் கூடிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஆறு மகரந்தத் தாள்களைக் கண்டு, இச்செடிக்கு ‘ஹெக்ஸாண்ட்ரம்’ என்ற அடைமொழியை அவர் அளித்தார். கல்கத்தாப் பூங்காவின் வாலிச் தமது சேகரத்தில் ‘எமோடி’ என்று குறித்திருந்தார். பண்டைக் கிரேக்கர் இமயத்திற்கு வழங்கிய பெயரிலிருந்து பிறந்த சொல் அது. 1855இல் ஹூக்கரும் தாம்ஸனும் அப்பெயரையே தங்கள் நூலில் எடுத்தாண்டனர். வைத்திய நூல்களில் நெடுங்காலம் இப்பெயரே வழங்கிவந்தது.

பல்லாயிரம் மைல் இடைவெளியில், இடையே பாலையும் கடலும் கிடக்க, ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் எவ்வாறு தனித்தனியே வாழ்கின்றன? ஆசியாவின் கிழக்குப் பகுதித் தாவரங்களுக்கும் அமெரிக்காவின் கிழக்குப் பகுதித் தாவரங்களுக்கும் உள்ள இத்தகைய ஒற்றுமையை, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஏஸா கிரே 1859ஆம் ஆண்டில் விரிவாக ஆராய்ந்தார். மிகப் பழங்காலத்தில் உலகின் வடபகுதி இன்றைக்காட்டிலும் வெப்பமாயிருந்தது. கண்டங்களைத் தழுவிய ஒரு பெருங்காடு அங்கே இருந்தது. பின்னர்க் குளிர் மிகுந்து பனிக்காலங்கள் வந்தபோது அக்காடு சிதைந்து, தகுந்த இடங்களில் மட்டும் அதன் எச்சங்கள் தப்பின. இதுவே அறிஞர் கண்ட விடை. அவ்வாறாயின், பூர்ஜ மரத்தடியில் பூக்கும் பன்ககடி வெறும் மலர் அன்று. மறைந்த ஒரு பெருவனத்தின் நினைவுச் சின்னமாகும்.

மலரின் பெருமை இவ்வாறிருக்க, உலகம் நாடியது வேரையே. மண்ணுக்குள் கிடக்கும் தரையடித் தண்டையும் அதனோடு கூடிய வேர்களையும் சேர்த்தே ‘வேர்’ என்று சொல்கிறேன். 1820இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் மருந்து நூல் வெளிவந்தபோதே மே ஆப்பிள் அதில் இடம்பெற்றது. வேரிலிருந்து எடுத்த பிசின் கடும் பேதி மருந்தாக விற்கப்பட்டது. அந்நாளில் பேதிக்கெனப் பாதரசச் சரக்கைத் தாராளமாகக் கொடுத்துவந்தனர். அதற்கு மாற்றாக இதனைத் ‘தாவரப் பாதரசம்’ என்றே கொண்டாடினர். கல்லீரலுக்கென விற்ற மாத்திரைகள் பலவற்றில் இது கலந்திருந்தது. 1880இல் பாட்விஸாட்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர், இப்பிசினிலிருந்து அதன் முக்கியப் பொருளான போடோஃபில்லோடாக்ஸினைப் பிரித்தெடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் இமயத்துச் செடியின்மேல் வணிகத்தின் பார்வை திரும்பியது. 1889ஆம் ஆண்டையொட்டி டைமக், வார்டன், ஹூப்பர் ஆகிய மூவர் சேர்ந்து இந்திய மூலிகைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிடத் தொடங்கினர். மூவருள் டேவிட் ஹூப்பர் உதகமண்டலத்தில் சென்னை அரசாங்கத்தின் கொயினா ரசாயன நிபுணராக இருந்தவர் என்பது நமக்குச் சுவையான செய்தி. கொயினாப் பட்டையைச் சோதித்த கண்கள் இமயத்தின் வேரையும் சோதித்தன. இந்தியச் செடியில் அமெரிக்கச் செடியைவிடப் பிசின் ஏறக்குறைய இரு மடங்கு உண்டென்பது வெளியாயிற்று. இரண்டிலும் உள்ள சத்து ஒன்றே என்பதை 1898இல் டன்ஸ்டனும் ஹென்றியும் லண்டனில் ரசாயன முறையில் ஆராய்ந்து உறுதிசெய்தனர். பின்னாளில் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இந்தியச் செடி ஏறியது.

நம் நாட்டுக் காடுகளில் விளையும் மருந்துச் சரக்குகளை முறையாக ஆராய்ந்து நாமே பயன்படுத்த வேண்டும் என்று ஓயாது வற்புறுத்தியவர் கர்னல் ராம் நாத் சோப்ரா. கல்கத்தாவின் உஷ்ணப் பிரதேச நோய் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய அவர், 1933இல் வெளியிட்ட இந்திய மூலிகைகள் பற்றிய நூலில் இச்செடியையும் எடுத்துரைத்தார். அந்நிய நாட்டு மாத்திரைக்குப் பணம் கொடுப்பவன், அந்த மாத்திரையின் மூலப்பொருள் தன் மலையிலேயே விளைவதை அறியவில்லை. இக்குறையே அவரை வருத்தியது.

1942ஆம் ஆண்டு இச்சரித்திரத்தில் ஒரு திருப்பம். கடுமையான நச்சுத்தன்மை காரணமாக அமெரிக்க மருந்து நூல் இச்சரக்கை அந்த ஆண்டில் நீக்கிவிட்டது. அதே ஆண்டில் கப்லான் என்ற அமெரிக்க வைத்தியர், உடலில் தோன்றும் ஒருவகை மருக்களின்மேல் இப்பிசினைத் தடவினால் அவை அழிகின்றன என்று வெளியிட்டார். முன்வாசல் வழியே வெளியேற்றிய மருந்து பின்வாசல் வழியே திரும்பி வந்தது. மரு என்பது உயிரணுக்கள் கட்டின்றிப் பெருகுவதால் உண்டாவது. அதனை அழிக்கும் பொருள், புற்றுநோயையும் அழிக்குமோ? ஒன்று இரண்டாகப் பிரியும் உயிரணுவை இப்பொருள் பாதிவழியிலேயே தடுத்து நிறுத்துகிறது என்பதை 1946இல் கிங், ஸல்லிவன் என்ற இருவர் கண்டனர். உயிரணு பிரியும்போது அதற்குள் தோன்றவேண்டிய நுண்ணிழைகளை அது உருவாக விடுவதில்லை. 1951இல் ஹார்ட்வெல்லும் ஷ்ரெக்கரும் இதன் அணுவமைப்பைத் தெளிவாக வரைந்து காட்டினர்.

ஆனால் இது இருபுறமும் கூரான வாள். புற்றை அழிக்குமுன் நோயாளியையே வருத்திவிடும். நஞ்சைத் தணித்து நன்மையை மட்டும் வைத்துக்கொள்ளும் பணியை ஸ்விட்சர்லாந்தின் பாஸல் நகரில் ஸாண்டோஸ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் மேற்கொண்டனர். அவர்கள் ஆராய்ந்தவற்றுள் முக்கியமானது இமயத்துச் செடியின் வேர். செடியில் சர்க்கரையோடு இணைந்த நிலையிலும் இச்சத்து இருப்பதை 1954இல் அவர்கள் கண்டனர். அவ்வழியே பல ஆண்டுகள் முயன்று, 1966இல் எட்டோபோஸைட் என்னும் மருந்தை உருவாக்கினர். வியப்பு என்னவெனில், இப்புதிய மருந்து தாய்ப்பொருளைப்போல் நுண்ணிழைகளைத் தாக்குவதில்லை, உயிரணுவின் டி.என்.ஏ. இழை அறுந்து கூடும் செயலில் குறுக்கிட்டு, அறுந்த இழையைச் சேரவிடாமல் செய்கிறது. 1983இல் அமெரிக்க அரசாங்கம் இதற்கு அனுமதி அளித்தது. விதைப்பைப் புற்று, நுரையீரல் புற்றில் ஒருவகை, வேறு சில புற்றுகள் ஆகியவற்றிற்கு இது இன்றும் கொடுக்கப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலும் இது இருக்கிறது. பனிமலையின் நிழலில் பிறந்த ஒரு சத்து, வேற்றுருக் கொண்டு, நம் ஊர் மருத்துவமனைகளின் கட்டில்கள்வரை வந்து உயிர் காக்கிறது.

இதுவரை கூறியது மனித அறிவின் வெற்றி. அவ்வெற்றியின் விலையை யார் செலுத்தினார் என்பதையும் கூறாவிடில், சரித்திரம் பாதியிலேயே நின்றுவிடும்.

கனியைப் பறித்தால் செடி சாவதில்லை. தின்றவன் உமிழும் விதை எங்கேனும் முளைக்கவும் கூடும். வேரைத் தோண்டினாலோ செடி அத்துடன் முடிந்தது. கனி முதிருமுன் தோண்டிவிட்டால் விதையும் இல்லை. பல ஆண்டுகளில் உருவான தண்டு, ஒரு மண்வெட்டி வீச்சில் மூட்டைக்குள் போகிறது. மலைச்சரிவுகளில் தோண்டியெடுத்த சரக்கு, கைமாறிக் கைமாறிச் சந்தைக்குச் சென்றது. தோண்டியவனுக்குக் கிட்டிய கூலி சிறிது. இடைநின்றோருக்குக் கிட்டியது பெரிது. ஆயினும் குளிர்காலத்தை வேறு வருவாயின்றிக் கழிக்கவேண்டிய மலைக்குடும்பத்திற்கு அச்சிறு கூலியும் பெரிதன்றோ? அவர்களைக் குறை கூறுவது எளிது. அவர்களுக்கு வேறு வழி காட்டுவதே அரிது. முன்னர்க் கூட்டமாய்ப் பூத்த சரிவுகள் பலவற்றில் செடி அருகியது.

1990இல் அழியும் உயிரினங்களின் வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இச்செடி சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து எடுத்த சரக்கை வெளிநாட்டிற்கு அனுப்பலாகாது என்று அந்தப் பத்தாண்டிலேயே இந்திய அரசாங்கமும் தடை விதித்தது. சட்டம் துறைமுகத்தில் காவல் நிற்கலாம். ஒவ்வொரு பூர்ஜ மரத்தடியிலும் நிற்க இயலாது. இதே காடுகளில், மூன்றே இலைகளின் நடுவே ஒற்றைப் பூவைத் தாங்கி வசந்தத்தில் மலரும் ‘நாகசத்ரி’ என்னும் மற்றொரு செடியும், தன் வேரின் பொருட்டு அண்மை ஆண்டுகளில் இவ்வாறே தோண்டப்பட்டு வருகிறது. ஒரு செடியின் கதை முடியுமுன் மற்றொன்றின் கதை தொடங்கிவிடுகிறது.

பயிர் செய்தால் ஆகாதா என்று நேயர்கள் கேட்கலாம். கட்வாலின் ஸ்ரீநகரில் உள்ள உயர்மலைத் தாவர ஆராய்ச்சி நிலையமும், பாலம்பூரில் உள்ள இமாலய உயிர்வள ஆராய்ச்சிக் கழகமும் இவ்வகையில் உழைத்துள்ளன. விதையின் உறக்கத்தைக் கலைக்கவும், தண்டைத் துண்டு துண்டாக நட்டுப் பெருக்கவும் வழிகள் கண்டிருக்கின்றனர். எனினும், பல ஆண்டுகள் காத்திருந்து விளைச்சலைப் பெறவேண்டிய பயிரை, ஆண்டுதோறும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளைவிக்கும் சிறு விவசாயி எவ்வாறு ஏற்பான்? காட்டில் இலவசமாய்த் தோண்டலாம் என்றிருக்கும்வரை வயலில் நட ஒருவரும் முன்வரார்.

மற்றொரு நம்பிக்கை 2015ஆம் ஆண்டில் பிறந்தது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிஸபெத் ஸாட்லியும் வாரன் லாவும், எட்டோபோஸைட்டின் மூலச்சத்தைச் செடி எவ்வாறு தனக்குள் சமைக்கிறது என்பதை ஆராய்ந்தனர். இமயத்துச் செடியின் இலையில் அவர்கள் காயம் உண்டாக்கினர். காயம்பட்ட செடி தன்னைக் காத்துக்கொள்ள நஞ்சைச் சமைக்கத் தொடங்கியது. அச்சமயம் செயற்படும் பொருள்களை உற்றுநோக்கி, அதுவரை அறியப்படாதிருந்த ஆறு நொதிகளைக் கண்டறிந்தனர். அவற்றின் மரபுக் கூறுகளை, ஏற்கெனவே அறிந்த சிலவற்றோடு சேர்த்து, புகையிலை இனத்தைச் சேர்ந்த ஒரு செடிக்குள் செலுத்தியபோது, அச்செடியும் அச்சத்தை ஆக்கியது. ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த இது பெருந்தொழிலாக வளர்ந்தால், காட்டு வேரின்மேல் விழுந்த சுமை ஒருநாள் குறையலாம்.

இந்தச் சாதனையிலும் நாம் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. அவ்வறிஞர்களுக்கு வழி காட்டியது உயிருள்ள செடி. அது முன்னரே அழிந்துபோயிருந்தால், எந்தக் கருவியைக் கொண்டும் அந்த ஆறு நொதிகளை ஒருவரும் கண்டிருக்க முடியாது. 1820இல் பேதி மருந்து என்றனர். 1942இல் மருவிற்கு மருந்து என்றனர். 1966இல் புற்றுக்கு மருந்தின் தாய் என்றனர். ஒவ்வொரு முறையும், செடியின் பயனை முற்றும் அறிந்துவிட்டதாகவே மனிதர் எண்ணினர். இனி அது எதனைக் கற்பிக்கக் காத்திருக்கிறதோ, யார் அறிவார்!

ஆகவே, காக்கவேண்டியது ஒரு வேரை அன்று. பூர்ஜ மரத்தையும், அதன் நிழலையும், உதிர்ந்த இலையையும், குளிர்காலத்துப் பனியையும், அச்சரிவை நம்பி வாழும் குடும்பத்தையும் சேர்த்தே காக்க வேண்டும். இச்செடியை விதைவங்கியில் மட்டும் வைத்துக் காத்துவிட்டோம் என்று அமைதி கொள்வது, ஊரை அழித்துவிட்டு அதன் பெயரை மட்டும் ஏட்டில் எழுதிவைப்பதை ஒக்கும். காட்டு வெள்ளரி என்றும் காட்டுக் கத்தரி என்றும் பெயரிட்ட மலைவாசிகள், அப்பெயரிலேயே ‘காடு’ என்ற சொல்லையும் சேர்த்து வைத்தனர். செடியை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சொல்லை விட்டுவிட்டவர்கள் நாமே.

அடுத்த வைகாசியில் வெயில் நம்மை வாட்டும்போது, வடக்கே பனி விலகிய ஒரு சரிவில் ஆறிதழ் மலரொன்று வானை நோக்கி விரிந்துகொண்டிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அது அவ்வாறு விரிய இடம் இருக்கவேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.